பெல்வின் கட்சி

புத்தூர் பாலையாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரும் கிடையாது. காரில் ஏறியதே ஒரு தடவைதான். அதுவும் மைத்துனன் கல்யாணத்தில், இடம் போதாமல், டிரைவர் மடியில் பாதியும் கதவில் பாதியுமாக. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆனாலும் ஊரில் மோட்டார் சம்பந்தமாக எந்தப் பேச்சு எழுந்தாலும், "பாலையாவக் கேளு" என்றுதான் முடியும். ரேஸ்தான் காரணம்.

வருஷா வருஷம் தை மாதத்தில் மெட்ராஸ் பெல்வின் மோட்டார் கம்பெனி அந்த ரேஸை நடத்தியது. மெட்ராஸில் கிளம்பி திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. அங்கிருந்து சித்தூர், வேலூர் சுற்றித் திரும்பவும் மெட்ராஸ். எந்தக் கம்பெனிக் காரும் ஓடலாம். ஆனால் பந்தல், பரிசு, கோட்டுப் போட்ட ஆட்கள் எல்லாம் பெல்வின். கார்கள் புத்தூரில் ஒரு நிமிஷம் நின்று, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். முத்திரை குத்துகிறவருக்கு மேஜை போட்டது பாலையாவின் கடைவாசலில். நிழல் அங்கேதான் இருந்தது.

பாலையா தாமாகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். கார்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது. விடிவதற்குள் அண்டாக்களில் இறைத்து வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, காத்திருப்பார். பெல்வின் கார் வந்தால் தம் கையால் ஊற்றுவார். வேறு கம்பெனிக் கார் வந்தால், "கெணறு தோ அங்க கீது" என்று கையைக் காட்டுவார்.

தண்ணீரோடு முடியாது. பெல்வின் கார் என்றால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். கற்பூரம் சுற்ற வேண்டும். ஏழு கார் வந்தாலும் ஏழுக்கும் தனித்தனியே பூசணிக்காய் உடைக்க வேண்டும். டிரைவர் உள்ளே இருந்து உறுமலைக் கூட்டுவான். லாரி டிரைவர் ஏழுமலை பானட்டின் மேல் கையை வைத்து, "இரு சார், திஷ்டி கழிச்சிக்கினு கீறாங்க இல்ல" என்பான். காப்பி ஓட்டல் நாகபூஷணம் ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டுவார். "சாமி இருக்கற ஊருக்குப் போற வண்டி. வெறும் வயித்தோட போலாமா? குடிங்க சார், தாகண்டி." சூடாக இருக்கிறதென்று டிரைவர் சொன்னால் ஆற்றிக் கொடுப்பார்.

ஒரு வருஷம் புதுமாதிரிக் கார் ஒன்று வந்தது. உருண்டையாக, தவளை குந்தியிருப்பது போல. அதற்குத் தண்ணீர் தருவதில்லை என்று பாலையா முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். அது கேட்கவே இல்லை. முத்திரை குத்துவதற்குள் ஏழுமலை ஓடிப்போய் முன்மூடியைத் தூக்கினான். உள்ளே ஒரு பெட்டியும் ஒரு ஸ்டெப்னியும் இருந்தன.

"ணா, இதுல என்ஜினே இல்ல. பொட்டிதான் கீது."

ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் தவளை நாராயணவனம் பிரிவு ரோட்டைத் தாண்டிவிட்டது. அந்த வருஷம் அதுதான் முதலில் வந்தது. அடுத்த வருஷமும். அதற்கு அடுத்த வருஷமும். பாலையாவின் பெல்வின் கட்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறதாம். தள்ளிக்கொண்டு போவதெல்லாம் கார் ஓட்டுவதில் சேர்த்தியா என்று கேட்டார்கள்.

பிறகு ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. ஒரு தை மாதம் ரேஸ் வரவில்லை. திருப்பதியில் இருந்த பெல்வின் ஏஜெண்டைப் பார்க்க பாலையா ரேணிகுண்டா வரை ரயிலிலும் மீதியை நடந்தும் போனார். ஏஜெண்ட் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கம்பெனி இனிமே ரேஸுக்கு ஒண்ணும் செய்யாது. ரெண்டு ராஜ்யம் ஆயிடிச்சு. ரெண்டு பர்மிட், ரெண்டு போலீஸ். யாரால முடியும்?"

பாலையா திரும்பி வந்து சொன்னதும் கடைவாசலில் இருந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல ஆனார்கள். நம்பிக்கை விடாமல் மறுவருஷமும் தண்ணீர் இறைத்து வைத்தார்கள். சாயங்காலம் வரை எதுவும் வரவில்லை. மனசு கேட்காமல் ஏழுமலை சித்தூர் பஸ்ஸின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். யாருக்குச் சூனியம் வைக்கிறாய் என்று கண்டக்டர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்தார்.

அதன்பின் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கடை பெஞ்சில் கூடி எல்லையைத் திட்டினார்கள். ரேஸ் இருந்தபோது வருஷத்தில் ஒரு நாள்தான் பாலையாவைச் சுற்றிக் கூட்டம். இப்போது தினமும். அதில் அவருக்கு ஒரு சின்ன திருப்தி இருந்தது. ஆனால் ரேஸ் திரும்பி வர வேண்டும் என்றுதான் நிஜமாகவே விரும்பினார். கடைக்குப் பின்னால் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. இட்லிக்கு அரிசி ஊறப்போட அவற்றில் ஒன்றைக் கேட்ட மனைவி தாட்சாயணியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

எல்லைத் தகராறை விசாரிக்க வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. பயணியர் பங்களாவில் அவர் முன்னால் தமிழ்க் கட்சி ஒரு பக்கம், தெலுங்குக் கட்சி ஒரு பக்கம். நடுவில் பாலையா, ஏழுமலை, நாகபூஷணம். அதிகாரி பாலையாவிடம் கேட்டதைத் தாசில்தார் ஆதிநாராயணன் மொழிபெயர்த்தார்.

"வீட்ல என்ன பாஷை பேசறே?"

"வூட்ல சம்சாரம்தான் பேசுது சார். நான் பேசறதில்ல."

"அவங்க என்ன பாஷை?"

"நல்லாக் கீறப்ப தமிழு. கோவம் வந்தா தெலுகு."

"எந்த ராஜ்யத்துல இருக்க இஷ்டம்?"

"எதுவானாலும் சரி சார். மெட்ராஸ்லேர்ந்து திருப்பதி, சித்தூர் வரிக்கும் ஒரே ராஜ்யமா இருக்கணும். நடுவுல கோடு கூடாது."

தமிழ்க் கட்சி கைதட்டியது. சித்தூரையும் சேர்த்துக் கேட்கிறான் ஆள் என்று ஒருவர் மாலையைத் தேடினார்.

"சித்தூரை மெட்ராஸ்ல சேக்கணும்கறியா?"

"இல்லாட்டி மெட்ராஸ ஆந்திராவுல சேத்துடுங்க சார். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

இப்போது தெலுங்குக் கட்சி கைதட்டியது. தமிழ்க் கட்சியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காரணம் என்ன என்று அதிகாரி கேட்டார். பாலையா ரேஸைச் சொன்னார். மொழிபெயர்த்துக் கேட்ட அதிகாரி பேனாவை மூடி, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, அடுத்த ஊரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்து தாசில்தார் பாலையாவைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்தார். அவரும் பெல்வின் கார் வைத்திருந்தவர். மெட்ராஸில் அந்தக் கம்பெனி ஆட்களைத் தெரிந்தவர்.

"எல்லையால நிக்கலைய்யா. வரிசையா தோத்தாங்க. தன் செலவுல தன் மானத்தை வாங்குவானேன்னு விட்டுட்டாங்க."

"நல்ல வண்டி சார் அது."

"நல்ல வண்டிதான். திருத்தணி வரைக்கும் முதல்ல வரும். திருப்பதி போறப்ப பின்தங்கிடும். எங்க தங்குதுன்னு அவங்களுக்குப் புரியல. என்ஜினைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க. டிரைவருங்க என்னவோ பூசணிக்காய், காப்பின்னு சாக்குச் சொன்னாங்களாம். வெள்ளைக்கார மானேஜர் நம்பல. ரெண்டு பேரை வேலையை விட்டே அனுப்பிட்டார்."

பாலையா மரத்தைப் பிடித்துக்கொண்டார். வெயில் அதிகம்தான் என்றார் தாசில்தார்.

அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"துன்னறதுன்னா துன்னு. இல்லாட்டி எழுந்துக்க" என்றாள் தாட்சாயணி.

"ஏழு வண்டிக்கு ஏழு பூசணிக்கா எதுக்கு? எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு ஒடச்சிருக்கலாம் இல்ல?"

"ஒண்ணுகூட எதுக்கு? கூட்டு பண்ணியிருக்கலாம்."

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பெஞ்சு நிறைந்துவிட்டது. நாகபூஷணம் காப்பியோடு வந்திருந்தார். தாசில்தார் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது ஊருக்கே தெரியும்.

"இன்னா சொன்னாரு?" என்றார் நாகபூஷணம், டம்ளரை நீட்டியபடி.

பாலையா டம்ளரைப் பார்த்தார். ஆற்றி, நுரை தளும்ப இருந்தது. ஏழுமலையின் கையைப் பார்த்தார். பானட்டின் மேல் வைத்த கை. சொன்னால் இந்த இரண்டு பேரும் நாளைக்கு இந்தப் பெஞ்சுக்கு வர மாட்டார்கள். தண்ணீர் ஊற்றியவன் மட்டும் எந்த முகத்தோடு இங்கே உட்கார்வது?

"எல்லைதான்" என்றார்.

"நான் சொல்லல?" என்று ஏழுமலை தொடையில் தட்டினான். "வண்டி மேல கொற இருக்குமா? யாரு வண்டி?"

"அந்த வண்டிக்கு நாம பண்ணத பெத்தவங்க பண்ண மாட்டாங்க" என்றார் நாகபூஷணம்.

"மாட்டாங்க" என்றார் பாலையா.

எல்லை முடிவாகிச் சில வருஷத்தில் திருத்தணி மெட்ராஸோடு போனது. பிச்சாட்டூர் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. புத்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடு நிஜமாகவே நடுரோட்டில் வந்துவிட்டது. பெஞ்சு அன்று வெகுநேரம் கலையவில்லை. ஏழுமலைக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாம சொன்னத அந்த ஆபீசரு ஒழுங்கா எழுதிக்கினு போயிருந்தா இப்பிடி கோடு போட்டிருப்பானா, ணா?"

"எழுதியிருக்க மாட்டான்" என்றார் பாலையா. "சிரிச்சிக்கினு இருந்தான் இல்ல."