மேரிச்சேச்சியின் காபியில் விழுந்த துபாய்ப் பொடி

1. திரிந்த பானை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பானை காபியைச் சாக்கடையில் கொட்டினேன். எழுபதுகளின் கடைசி அது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் குடோனில் எனக்குக் கேண்டீன் வேலை. சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் காலையில் கம்பெனி செலவில் ஆளுக்கொரு டம்ளர் காபி உண்டு. அதைக் கலக்குவதற்குத்தான் என்னை வைத்தார்கள். காபி கலக்குவது ஒரு வேலையா என்று கேட்பவர்களை அந்தக் குடோனில் ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் கம்பத்திலிருந்து வந்து சுள்ளிக்கல்லில் தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். எனக்குத் தெரிந்தது பசும்பால் காபி ஒன்றுதான். ஆனால் நான் சேர்ந்தது அம்பது நோன்புக் காலம். கும்பளங்கியிலிருந்து வரும் கிறிஸ்தவப் பெண்களில் பலர் ஈஸ்டர் வரைக்கும் மீன், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அவர்களுக்குத் தேங்காய்ப்பால் காபி. ஆக அடுப்பில் இரண்டு பானை, இரண்டு கரண்டி, இரண்டு வடிகட்டி. கரண்டி மாறினால் போச்சு.

நான் தேங்காய்ப்பாலையும் பசும்பால் மாதிரியே தளதளவென்று கொதிக்கவிட்டேன். அது திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நின்றது. இன்னும் சில பானைகளைப் பாழாக்கிய பிறகுதான் பக்குவம் பிடிபட்டது. டிகாஷனில் வெல்லத்தைக் கரைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் முதல் பாலைக் கடைசியாக ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு அடுப்புப் பக்கமே கொண்டு போகக் கூடாது. அதைச் சுடவைத்துத் தரச் சொல்லி ஒருத்தி, வெல்லம் போதாதென்று இன்னொருத்தி. தினமும் இதே பஞ்சாயத்து.

குறை சொல்லாமல் குடித்தவர் மேரிச்சேச்சி ஒருவர்தான். சுக்குப் பெண்களில் மூத்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் அவருக்கு நோன்போடு ஒரு நேர்ச்சையும் சேர்ந்துகொண்டது. அவருடைய மகளுக்கு அடுத்தடுத்துக் கர்ப்பம் கலைந்து, அந்த முறைதான் நின்றிருந்தது. அம்பது நாளும் ஒரு குறையில்லாமல் நோன்பை முடிப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்: "ஜைனபா, நான் வீட்டுல பாத்துக்கும். இங்கெ நீ பாத்துக்கணும், கேட்டியா." நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

2. எல்லோருக்கும் ஒரே டின்

அந்த வருடம்தான் மேனேஜருக்குப் புத்தி வந்தது, அதாவது கெட்ட புத்தி. பாலக்காட்டுக்காரர். அவருடைய மைத்துனர் துபாயிலிருந்து பெட்டி நிறையச் சாமான் கொண்டு வந்திருந்தார். அதில் காபி கிரீமர் டின்கள். வெள்ளைப் பொடி. ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் கறுப்புக் காபி வெளுத்துவிடும். மேனேஜர் ஒரு டின்னை என் மேஜையில் வைத்துப் பிரசங்கமே செய்தார். இது செடியிலிருந்து எடுத்த எண்ணெயில் செய்தது, ஒரு துளி பால் இல்லை, நோன்புக்காரர்களும் குடிக்கலாம், மற்றவர்களும் குடிக்கலாம், இனிமேல் ஒரே பானை போதும், தேங்காய் துருவ வேண்டாம், பால் கெடுமே என்ற கவலை வேண்டாம்.

பாலே இல்லையென்றால் ஏன் பால் வாசனை அடிக்கிறது என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். பால் இல்லேன்னு டின்லயே போட்டிருக்கு. போய் வேலையைப் பாரு."

எனக்கு எரிச்சல் வந்ததன் காரணம் சந்தேகம் மட்டுமில்லை. இந்த மனிதர் தினமும் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் பசும்பால் பில்டர் காபி கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர். அந்தப் பொடி போட்ட காபியை ஒரு வாய் குடித்துக்கூடப் பார்த்ததில்லை. ஊருக்கு மட்டும் உபதேசம்.

எங்கள் கம்பெனியில் மிளகைச் சோதிக்கும் லேப் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பிள்ளை என்பவரிடம் டின்னைக் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் மேலே இருந்த பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருந்ததைப் படித்தார். எண்ணெய் செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் கேசினேட் என்று ஒரு சாமான் சேர்த்திருக்கிறார்கள், அது பாலிலிருந்து எடுப்பது என்றார். வந்து மேனேஜரிடம் சொன்னேன். அது மருந்து மாதிரி ஏதோ துளியூண்டு, அதையெல்லாம் பால் என்று சொல்ல முடியாது என்றார். டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, என் வழக்கப்படி இரண்டு பானை வைத்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

3. நான் தேங்காய்க்குப் போன நேரம்

ஈஸ்டருக்குச் சில நாட்களே இருந்தன. அன்று காலை தேங்காய்க்காரர் வரவில்லை. டிகாஷனை இறக்கி வைத்துவிட்டு நானே கடைத்தெருவுக்கு ஓடினேன். அன்று பார்த்து வெளியூரிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் குடோனைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் காபி நேரம் முடிந்து பெண்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மேனேஜருக்கு அவசரம். பியூனைக் கூப்பிட்டு அந்த டின்னை இறக்கி எல்லோருக்கும் அதையே கலக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் தேங்காயோடு திரும்பி வந்தபோது எல்லோரும் குடித்து முடித்திருந்தார்கள். மேரிச்சேச்சி டம்ளரைக் கழுவிக்கொண்டே, இன்றைக்குக் காபி நல்ல கெட்டியாக இருந்தது என்று என்னைப் பாராட்டினார். மேஜையில் டின் திறந்து கிடந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாயைத் திறக்காதே. தெரியாம குடிச்சா பாவம் கிடையாது. நீ சொன்னாத்தான் அவளுக்குப் பாவம். சொன்னியானா அடுத்த மாசம் உனக்கு இங்கே வேலை இருக்காது, பாத்துக்கோ."

என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. வாப்பாவுக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. இருந்தாலும் நான் நேராக மேரிச்சேச்சியிடம் போய், நடந்ததைச் சொன்னேன். மறைத்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் காபி ஊற்ற என்னால் முடியாது.

அவர் திட்டவில்லை. ஈரக் கையை முண்டில் துடைத்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் வராதில்லெ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் கேட்டாரா, மாதாவிடம் கேட்டாரா, தெரியவில்லை. பிறகு போய்ச் சுக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

4. கவிழ்த்த டம்ளர்கள்

மறுநாள் காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அதற்குள் விஷயம் எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது. வரிசை முழுக்க டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. நோன்புக்காரர்கள் மட்டுமில்லை, ஒருத்திகூட நிமிர்த்தி வைக்கவில்லை. மேனேஜர் வந்து சத்தம் போட்டார். யாரும் தலை தூக்கவில்லை. சுக்கு அதுபாட்டுக்குப் பிரிந்துகொண்டிருந்தது. வேலை நின்றிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார். காபி குடிக்காததற்கு யாரை வேலையை விட்டு நீக்க முடியும்? இரண்டாம் நாளும் அதே கதைதான். அன்று மாலை டின்களையெல்லாம் பையில் போட்டு அவரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே யார் குடித்தார்களோ. என் வேலையைப் பற்றி அதன்பிறகு பேச்சில்லை.

ஈஸ்டர் வந்தது. மற்றவர்கள் இறைச்சி தின்று, பால் காபிக்குத் திரும்பினார்கள். மேரிச்சேச்சி மட்டும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினார். குறைபட்ட நோன்பைக் கணக்கில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வந்தது. அந்த வயதில், அந்த வெயிலில், யாரோ செய்த தப்புக்கு இவர் ஏன் வாயைக் கட்டிக் கிடக்க வேண்டும்? ஆனாலும் அந்த ஒருவருக்காகத் தினமும் தேங்காய் துருவினேன். சின்னப் பானையில், தனிக் கரண்டியில்.

இப்போது என் தங்கை வீட்டுப் பிள்ளைகள் பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று வாங்கி அடுக்கிவிட்டு, காலைக் காபிக்கு எது நல்லது என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். எதையாவது குடித்துத் தொலையுங்கள். மற்றவருக்குக் கலக்கிக் கொடுக்கும்போது மட்டும் உள்ளே என்ன போட்டோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நான் வேலையில் கற்றது அவ்வளவுதான்.

இரண்டாவது அம்பது முடிந்த மறுநாள் மேரிச்சேச்சி பால் காபி கேட்டார். அதற்குள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நான் புதுப் பாலைக் கொண்டுவந்து, முகர்ந்து பாருங்கள், நீங்களே கிட்ட நின்று பாருங்கள் என்றேன். அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எந்தினா பாக்கணும்? நீ கலக்கினா மதி, அது போதும்."