அம்மா வெறுமையாக விட்ட கட்டம்

கணினித் திரையில் ஒரு நட்சத்திரக் குறியைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு வலக்கண்ணில் புரை. ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நெடுந்தீவிலிருந்து கடும் கடலில் படகேறி, வழியெல்லாம் சத்தியெடுத்து, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பஸ் நிலையத்திலிருந்து நான் கண் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன்.

பதிவு மேசையில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "அம்மா, திகதி மாறிப்போச்செண்டு உங்களுக்கு மெசேஜ் போயிருக்கே. அடுத்த மாதம்தான்."

"எனக்கு ஃபோனே இல்லைப் பிள்ளை."

"இஞ்சை இலக்கம் கிடக்கு."

அவ்வளவுதான், நான் வெடித்தேன். "கடல் கடந்து வந்த மனுசியைப் பொய்க்காரி ஆக்கிறீரோ? ஆற்றையோ இலக்கத்தைப் போட்டது நீர்தானே!" வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அந்த இலக்கத்துக்கு அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். ஒரு முதியவர் எடுத்தார். திகதி மாறிய மெசேஜ் வந்ததா என்று கேட்டேன். "ஓம் தம்பி, ஒரே மாதிரி ரெண்டு மெசேஜ் வந்தது. ஒண்டு போதுமெண்டு மற்றதை அழிச்சிட்டன்."

குரலைக் கேட்ட அம்மா, "இவர் எங்கட ஊரிலை பதிவு நடந்த அண்டைக்கு எனக்கு முன்னாலை நிண்டவரெல்லோ" என்றார்.

முன்னால் நின்றவர் என்றதும் எனக்குப் பிழை விளங்கிவிட்டது. வைத்தியசாலைக்காக அந்தக் கணினிப் பதிவுப் பக்கத்தை எழுதியவன் நான்.

படிவத்தில் தட்டுகிற விவரங்களை, நிரல் எழுதுகிற நாங்கள் 'பீன்' என்று சொல்கிற ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். பெயர், வயது, தொலைபேசி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதில் வைக்க எழுதியிருக்கலாம். எனக்குப் பஞ்சி. ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் தானாக உரிய இடத்தில் போய் விழும். ஆனால் வெறுமையாக வருகிற கட்டத்தை அது தொடாது. முன்பு கிடந்தது அப்படியே கிடக்கும். ஆளுக்கு ஆள் புதிய பீன் உண்டாக்கவும் நான் மெனக்கெடவில்லை. காலையில் திறந்த ஒன்றையே பின்னேரம் வரை ஓடவிட்டேன். அதனால் அம்மாவின் வெறும் கட்டத்தில் முன்னால் நின்றவரின் இலக்கமே தங்கிவிட்டது. சோதித்துப் பார்த்த நாளிலும் எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பினேன். ஃபோன் இல்லாத சனம் வருமென்று, நெடுந்தீவில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை. தூ!

"என்ரை இலக்கத்தைக் குடுத்திருக்கலாமே அம்மா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ வேலையிலை நிப்பாய். கண்டவையும் எடுத்துக் கரைச்சல் தருவினம். அதுதான் வெறுமையா விடச் சொன்னனான்."

எங்கள் ஊர்த் தாய்மார் இப்படித்தான். பிள்ளையின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். கந்தோர் மேசையில் கேட்டால் மட்டும் வெளியே எடுக்கமாட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.

அம்மா அந்தப் பெண்ணின் கையைத் தடவினார். "அழாதை பிள்ளை. என்ரை மகனும் கொம்பியூட்டர் வேலைதான். உந்தப் பிழையை விட்டது ஆரெண்டு அவன் கண்டுபிடிச்சுத் தருவான்."

"கண்டுபிடிச்சிட்டன்," என்றேன். "நான்தான்."

அம்மா என் பக்கத்திலிருந்து விலகி, மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டார்.