இழுக்குமா என்று மட்டும் கேட்டோம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சோற்றில் கை வைக்கிறேன்... போன் அடிக்கிறது. தங்கை ஃபரீதா.

"நானா, நாளைக்கி ஆலங்குடாவுக்கு வாங்க. இவரு புது டபுள் கெப் ஒண்டு எடுக்கப் போறாராம். நானா பார்த்து நல்லம் எண்டு சொன்னாத்தான் உறுதியில கையெழுத்து வைப்பன் எண்டு சொல்லிட்டன்."

சோற்றை மூடி வைத்தேன்.

உறுதி என்று அவள் சொன்னது கனமூலையில் இருக்கும் தென்னந்தோட்டத்தின் உறுதிப் பத்திரத்தை. வாப்பா மவுத்தாகுமுன் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சொத்து. அதை விற்றுத்தான் அந்தக் கெப்பை, பின்னால் சாமான் ஏற்றும் தட்டு வைத்த வண்டியை, வாங்க வேண்டும். நான் "நல்லம்" என்று சொல்லி, அந்தக் கெப் நடுரோட்டில் படுத்துவிட்டால்? தோட்டமும் போய், தொழிலும் போய், தங்கையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அதைவிட முக்கியமான கேள்வி — வாகனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அது நின்றால் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், தள்ளிக்கொண்டு வருவேன். என் வாகன ஞானம் அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் இதே பத்திரிகைப் பத்தியில் ஓர் ஆட்டோப் பயணத்தைப் பற்றி எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து குடும்பத்தில் நான் "வாகனத்தப் பத்தி எழுதுறவர்". பத்திரிகையில் பெயர் வந்துவிட்டால் போதும். காய்ச்சல், காணிப் பிரச்சினை, கல்யாணப் பேச்சு, கெப் — எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரு தீர்ப்பு இருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. நிபுணர் என்று கூப்பிடும்போது மறுக்க யாருக்கு மனம் வரும்?

மச்சானின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபரீதாவின் கணவர் நிஸ்தார் மச்சான் ஆலங்குடாவில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டுபவர். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் இந்தப் பக்கக் கடல் படகை உள்ளே விடாது. அந்த மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும், அங்கே திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆகவே வருடா வருடம் ஒரு லொறி பிடித்து, படகை ஏற்றி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவார். போன வருடம் லொறிக்காரர் "இந்தா வாறன்" என்று சொல்லிச் சொல்லியே பத்துப் பதினைந்து நாளைக் கடத்திவிட்டார். அதற்குள் அங்கே நல்ல இடங்களையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சொந்தமாக ஒரு கெப் இருந்தால், படகை டிரெய்லரில் வைத்து, நினைத்த நேரத்தில் இழுத்துக்கொண்டு போகலாம். நியாயம்தானே?

டிரெய்லர் ஏற்கெனவே இருக்கிறது, தினமும் படகைக் கடலுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய் வருவது. பழைய லொறி ஒன்றின் அச்சை வாங்கி, மச்சான் தன் கையாலேயே வெல்டிங் பிடித்துச் செய்தது. நீலப் பெயின்ட். பின்னால் மாஷா அல்லாஹ் என்ற எழுத்து. யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணீர், பிறகு டிரெய்லர்.

சனிக்கிழமை நான் போய் இறங்கும்போது வாசலில் ஏழெட்டுப் பேர். நடுவில் கெப், வெள்ளை வெளேரென்று, சீட்டில் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல். சிலாபத்திலிருந்து அதைக் கொண்டுவந்திருந்த விற்பனை அதிகாரி டை கட்டியிருந்தார். அவருடைய சப்பாத்துக்குள் கடற்கரை மணல் பாதி ஏறியிருந்தது.

ஒரு வாகனம் நம்பகமானதா என்று நம் ஆட்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? ஒருவர் கதவைத் திறந்து மூடினார். "டொப்" என்று சத்தம் வந்தது. "சத்தத்தப் பார்த்தீங்களா? தகரம் இல்ல, சாமான்!" என்றார். இன்னொருவர் டயரை உதைத்தார். எதற்கு உதைத்தார் என்று அவருக்கும் தெரியாது. மூன்றாமவர், "இத நாலு வருசம் ஓடிட்டு வித்தா என்ன வெலைக்கிப் போகும்?" என்று கேட்டார். வாங்குமுன்னே விற்பதைப் பற்றிக் கவலை!

இந்த மொடல் புதிது. வாகன இறக்குமதி பல வருடம் மூடிக் கிடந்து, திறந்த பிறகு வந்தது. அங்கே நின்ற ஒருவர்கூட இதை ஒரு நாள் ஓட்டியதில்லை. ஆனால் எல்லோரும் சாட்சி சொன்னார்கள்! எந்த வாகனத்துக்கு? இதே கம்பனி இருபத்தைந்து வருடத்துக்கு முன் விற்ற கெப்புக்கு. "எங்கட பெரியப்பாட கெப் கடல்தண்ணிக்குள்ள போய் வந்திச்சி, ஒண்டும் ஆகல்ல" என்றார் ஒருவர். பெரியப்பாவின் கெப் நல்லதென்றால் இதுவும் நல்லது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் பாட்டனைப் பற்றியே பேசுவோமே, அந்த மாதிரி.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் நின்றால் நிபுணர் மாதிரி இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பொனட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, "ம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அங்கே உண்மையிலேயே என்ஜின் தெரிந்தவர் ஒருவர்தான். படகு என்ஜின்களைத் திருத்தும் சேவியர். அவர் மட்டும், "சும்மா பார்த்து என்ன தெரியும்? இழுத்துப் பார்க்க வேணும்" என்றார்.

விற்பனை அதிகாரியின் முகம் மாறியது. "சேர், இது கம்பனி வாகனம். டிரெய்லர் கொழுவ இதில ஹூக் பூட்டயில்ல. இழுக்க ஏலாது சேர்."

"ஹூக் என்னத்துக்கு?" என்றார் மச்சான். "கயிறு இரிக்கி."

ஆலங்குடாவில் எதையும் கயிற்றில் கட்டித்தான் சோதிப்பார்கள். படகு, வலை, நங்கூரம், ஒருமுறை மணலில் புதைந்துபோன ஒரு சுற்றுலா பஸ்... கயிறு தாங்கினால் சரி, அது நகர்ந்தால் சரி. பிறந்ததிலிருந்து கயிற்றோடு வாழ்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. அதிகாரி மூன்று தடவை மறுத்தார். பொரித்த பாரை மீனும் இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணீரும் வந்தன. நான்காவது தடவை மறுக்கவில்லை.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. ஏறி, இறங்கினால் ரோட்டு. டிரெய்லரில் படகு, படகில் என்ஜின், எல்லாம் வைத்தார்கள். நங்கூரக் கயிற்றால் கெப்பின் பின்பக்க அடிச்சட்டத்தில் கட்டினார்கள். டிரெய்லர் நேராக வருவதற்காக, சேவியரும் இன்னொருவரும் அதன் முன்கம்பியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் பிஸ்மி சொல்லி கெப்பில் ஏறினார். பக்கத்து சீட்டில் அதிகாரி. அவர் என்ன ஓதினாரோ தெரியாது, உதடு மட்டும் அசைந்தது.

கெப் உறுமியது. கயிறு இறுகியது. அவ்வளவு பெரிய படகு, அந்த மணல்மேட்டில், சத்தமில்லாமல் ஏறியது. நான் எதிர்பார்க்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். "ஒரு மூச்சு வாங்கல்லியே!" என்று ஒருவர் கத்தினார். மேட்டின் உச்சியில் மச்சான் கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து, "எப்பிடி மச்சான்?" என்றார்.

என் வாயில் "நல்லம்" வந்துவிட்டது. பாதிதான் வெளியே வந்தது.

கெப் ரோட்டை நோக்கி இறங்கியது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு மீன் லொறி. மச்சான் பிரேக்கை மிதித்தார். கெப் அழகாக, குலுங்காமல், மிதித்த இடத்திலேயே நின்றது. டிரெய்லர் நிற்கவில்லை. அது ஏன் நிற்க வேண்டும்? கயிறு இழுக்கும், தடுக்குமா? முன்கம்பியைப் பிடித்திருந்த இருவரும் அதை விட்டுவிட்டுப் பக்கத்து முள்ளுப் பற்றைக்குள் பாய்ந்தார்கள்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். ஃபரீதா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு தென்னங்கட்டையோடு அந்த டிரெய்லருக்குப் பின்னாலேயே ஓடுகிறாள்! யாரையோ அடிக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் தப்பில்லை. அவள் எட்டுவதற்குள் டிரெய்லரின் மூக்கு கெப்பின் பின்பக்கத்தில் போய் மோதியது. கதவை மூடும்போது வந்ததே, அதைவிடக் கனமான "டொப்".

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். புத்தம்புது கெப்பின் பின்கதவில் ஒரு பள்ளம். அதிகாரி இறங்கி அதைத் தடவிப் பார்த்தார். பிறகு டையைக் கழற்றிப் பொக்கெட்டில் வைத்தார்.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அதிகாரி கொண்டுவந்திருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். வாசிப்பதாவது தெரியுமே! "மூன்றரைத் தொன் இழுக்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த மூன்றரைத் தொன்னைத்தான் மச்சான் ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் கீழே எறும்பு எழுத்தில் இன்னொரு வரி. டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் இருந்தால்தான் மூன்றரைத் தொன். இல்லாவிட்டால் எழுநூற்றைம்பது கிலோ.

சேவியர் பற்றைக்குள்ளிருந்து வந்து, காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கணக்குப் பார்த்தார். "படகும் டிரெய்லருமே அதத் தாண்டும். என்ஜின் ரெண்டு, பெட்ரோல் கேன், திருகோணமலையில ஆறு மாசம் இருக்கிறதுக்கு அரிசி, கேஸ் சிலிண்டர், மெத்தை... எல்லாம் படகுக்குள்ளதானே ஏத்துவீங்க?"

"டிரெய்லருக்கு பிரேக் இரிக்கா மச்சான்?" என்று நான் கேட்டேன்.

மச்சான் தன் டிரெய்லரைப் பார்த்தார். அவர் கையால் வெல்டிங் பிடித்த டிரெய்லர். கெப்பை எவ்வளவு சந்தேகப்பட்டோம். கதவை அடித்தோம், டயரை உதைத்தோம், பெரியப்பாவை இழுத்தோம். இதை யாராவது ஒரு தடவை சந்தேகப்பட்டோமா? நம் கையால் செய்தது எப்படிப் பிழைக்கும்?

"இவ்வளவு நாளும் லேண்ட்மாஸ்டர் டிராக்டர்ல இழுத்தது இதத்தான்" என்றார் மெதுவாக. "ஒரு நாள் பிரச்சின வரல்ல."

"எப்பிடி வரும்?"

கேட்டது ஃபரீதா. தென்னங்கட்டை இன்னும் கையிலேயே இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் போட் மேட்டுக்கு வந்த உடனே, ஓடிப் போய் டிரெய்லர்ட சில்லுக்கடியில கட்ட வைக்கிறது ஆரு? உம்மா மவுத்தான வருசம் நான் கனமூலைக்கிப் போய் மூணு நாள் நிண்டன். அப்பதானே உங்கட வேலி ஒடிஞ்சிச்சி? அந்த டிரெய்லருக்கு பிரேக் நான்தான். நீங்க திருகோணமலைக்கி இழுத்துக்கிட்டுப் போற அண்டைக்கி, நான் கட்டையோட பின்னால ஓடி வரவா?"

மச்சான் மணலைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

இதைப் போன மாதமே அவரிடம் சொன்னாளாம். டிரெய்லர் தானாக நிற்காது, முதலில் அதைப் பாருங்கள் என்று. "பொம்பளைக்கி வாகனத்தப் பத்தி என்ன தெரியும்" என்று அவர் சிரித்துவிட்டாராம். அதனால்தான் கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஸ்கூட்டர் நின்றால் தள்ளிக்கொண்டு வருகிற என்னை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தோட்டத்தை நான் காப்பாற்ற வந்தேன் என்று நினைத்துக்கொண்டு, பாதி "நல்லம்" சொல்லிவிட்டேனே!

இப்போது நிலவரம் இது. டிரெய்லர் சேவியரின் கராஜில், பிரேக் பூட்டுவதற்காக. கெப்பின் பள்ளத்தைச் சரிசெய்யும் பொறுப்பு மச்சானிடம். உறுதி ஃபரீதாவின் அலுமாரியில், சாவி அவள் இடுப்பில். கெப் நல்ல கெப்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றி மேட்டிலிருந்து இறக்கி, டிரெய்லர் தானாக நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். அதுவரை மூன்றரைத் தொன் கதையை மச்சான் யாரிடமும் எடுப்பதில்லையாம்.

நேற்று பள்ளிவாசலில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆலங்குடாவில் டிரெய்லரில் பிரேக் இல்லை என்று நான்தான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தேனாம், தன் மகன் எடுக்கப் போகும் வேனையும் வந்து பார்க்க வேண்டுமாம்.

ஃபரீதாவின் நம்பரைக் கொடுத்தேன்... மனிதர் நான் பகிடி பண்ணுவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.