கண்ணும் பல்லும் இல்லாத வேலைக்காரர்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘கண்ணு’. ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். எதைக் கொடுத்தாலும் அதற்கு இரண்டு கண் வரைந்துவிடுவாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பூமிக்குத் தாங்கள் என்னென்ன நல்லது செய்கிறோம் என்று நிறுவனங்கள் ஊருக்குச் சொல்ல ஆசைப்பட்டால், அதை ஒன்றரை நிமிட பொம்மைப் படமாக ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடத்தில் அவள் கண் திறந்துவைக்காத பொருள் பாக்கியில்லை. சூரியத் தகடு சிமிட்டும், அட்டைப்பெட்டி சிரிக்கும், குப்பைத்தொட்டி வெட்கப்படும்.

பள்ளியில் படிக்கும்போதே இந்தக் கைவண்ணம் உண்டு. உயிரியல் ரெக்கார்டு நோட்டில் அமீபா வரைய வராத பிள்ளைகள் எல்லாம் அவள் பெஞ்சில்தான் வந்து நிற்பார்கள். ஒரே வருடத்தில் நாற்பது அமீபா போட்டிருக்கிறாள். அத்தனையும் புத்தகத்தைப் பார்த்துத்தான். பள்ளியில் நுண்ணோக்கி ஒன்று இருந்தது, ஆனால் அது கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஆய்வுக்கு யாராவது வந்தால் வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதன் வழியாக அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இப்போது வயது நாற்பத்தொன்று. கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். ஒவ்வொரு படத்துக்கும் முதல் ரசிகர் அவர்தான். முழுசாகப் பார்ப்பார், நல்லாருக்கு என்பார், டிவி பக்கம் திரும்பிவிடுவார். பதினோரு வருடமாக அதே ஒரு வார்த்தை.

இப்படி இருக்கையில்தான் துணிக்குச் சாயம் போடும் மில் ஒன்றின் படம் வந்தது. சாயத்தண்ணீரை வெளியே விடாமல், சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். மில்லில் அதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘பசுமை சார்’. அவர் அனுப்பிய குறிப்பில் பெரிய தொட்டியைப் பற்றி ஒரே வரிதான்: ‘நுண்ணுயிர் முறைச் சுத்திகரிப்பு.’ படத்தில் அதற்கு இருபத்திரண்டு வினாடி.

கண்ணு யோசிக்கவே இல்லை. தண்ணீரில் கிருமி இருக்கும், அதை ஒழிக்கிறார்கள், வேறென்ன? மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கைகழுவும் சோப்புக்காகப் பல் வைத்த பச்சைக் கிருமிகளைப் போட்டிருந்தாள். அந்தக் கோப்பைத் திறந்தாள், பச்சையை ஊதாவாக்கினாள், வேலை முடிந்தது. கேடயம் ஏந்திய நீலத்துளி வரும், பளிச்சென்று ஒரு வெளிச்சம், கிருமிகள் பட்பட்டென்று வெடிக்கும். ‘கிருமிகள் அழிகின்றன, தண்ணீர் பிழைக்கிறது’ என்று கணீர்க் குரல். பசுமை சார் பார்த்தார், அவருக்கு மேலே இருந்தவர் பார்த்தார், அவருக்கும் மேலே இருந்தவர் பார்த்தார். மூன்று பேரும் ‘அருமை’ என்று எழுதினார்கள். அவர்களில் ஒருத்தரும் அந்தத் தொட்டிப் பக்கம் போனவரில்லை, நாற்றம் அப்படி.

சனிக்கிழமை துணி வாங்கும் பெரிய மனிதர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கே படம் இணையத்திலும் ஏறும் என்று ஏற்பாடு. அதற்கு முன்னால், திங்கட்கிழமை, தொழிலாளர்களுக்குக் கேன்டீனில் போட்டுக் காட்டினார்கள். லேப்டாப்போடு கண்ணுவும் போயிருந்தாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கூட்டம் கலைந்த பிறகு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் அவள் மேஜை அருகே வந்து நின்றார். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“அதுங்கள ஏன் மேடம் கொன்னீங்க?”

அவளுக்குப் புரியவில்லை. சொந்தக்காரரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி அவர் நிதானமாகச் சொன்னார்.

“அதுங்கதான் மேடம் அழுக்கத் தின்னு தண்ணியத் தெளிய வைக்குது. அதுங்க செத்தா ரெண்டே நாள்ல மில்லு நின்னுடும்.”

கண்ணு லேப்டாப்பை மூடினாள். எனக்குக் காட்டுங்கண்ணே என்று மட்டும் கேட்டாள்.

தொட்டி ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு விரிந்திருந்தது. அடியிலிருந்து காற்றை ஊதிவிடுவதால் பழுப்புத் தண்ணீர் ஓயாமல் கொதிப்பதுபோல் இருந்தது. நாற்றம் இருந்தது, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை, மழை பெய்த மண்ணின் வாடைதான் தூக்கலாக இருந்தது. அவர் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீரை மொண்டு, பக்கத்திலிருந்த தன் அறையின் ஜன்னலோரம் வைத்தார். சேறு கரைத்தது மாதிரி இருந்தது. அரை மணி நேரம் யாரும் அதைத் தொடவில்லை. பழுப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரின் வழியே எதிர்ச்சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது. இதுக்கப்புறம்தான் வடிகட்டி எல்லாம், பாதி வேலைய இதுங்களே முடிச்சிடும் என்றார்.

பிறகு அதிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மூலையில் இருந்த நுண்ணோக்கியில் செருகிக் கொடுத்தார். நாற்பது அமீபா போட்டவள் முதன்முதலாகக் குனிந்து பார்த்தாள்.

முதலில் ஒரே கலங்கல். அவர் திருகை ஒரு நூல் திருப்பியதும் எல்லாம் தெளிந்தது. அழுக்குத் துணுக்கு ஒன்றிலிருந்து மெல்லிய தண்டுகள் கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணாடியில் செய்த மாதிரி ஒரு சின்ன மணி. மணியின் வாயைச் சுற்றி மயிர் போல ஏதோ சுழன்று தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு தண்டு ஸ்பிரிங் போலச் சுருண்டு மணியை வெடுக்கென்று கீழே இழுத்தது. அப்புறம் அவசரமே இல்லாமல், திரும்ப நிமிர்ந்தது. அந்த ஒரு அசைவை வரைய அவளுக்கு முழுசாக ஒரு பகல் வேண்டும். இங்கே யாரும் வரையவில்லை, யாரும் அசைக்கவில்லை, ஒரு சொட்டுக்குள் ஒரு தோப்பே ஆடிக்கொண்டிருந்தது. கண் இல்லை, பல் இல்லை, கேடயமும் இல்லை.

“இந்த மணி இருந்தா தொட்டி நல்லாருக்குன்னு அர்த்தம்,” என்றார் அவர். “அழுக்கத் திங்குறது இதவிடப் பொடிசு. அது இந்தக் கண்ணாடிக்கே சரியாத் தெரியாது.”

கால் மணி நேரம் அவள் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணில் நீர் முட்டி நின்றது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை பெரிய அதிசயத்தின் மேல் சோப்பு விளம்பரத்தை ஒட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆள் இல்லை. மில்லுக்கு லீவு விட்டால் அழுக்குத் தண்ணீர் வராது, இதுங்களுக்குப் பட்டினி. அதனால் ஒவ்வொரு லீவு நாளும் வந்து, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஒன்பது வருடமாக ஒரு லீவு நாளைக்கூட அவர் முழுசாக வீட்டில் கழித்ததில்லை. எட்டாவது படிக்கும் மகள் ஒரு காலத்தில் சண்டை போடுவாளாம், இப்போது கேட்பதையே விட்டுவிட்டாளாம்.

“கிருமிக்குச் சோறு போடப் போறேன்னு சொன்னா நம்பவா போறா? படத்துலயாவது வரும்னு நெனச்சேன் மேடம். இதப் பாத்தா, அப்பா ஒரு பட்டனத் தட்டிட்டுச் சும்மா இருக்குறாருன்னுதான் நெனப்பா.”

அதற்கு மேல் கண்ணுவால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுடைய முதலாளி, ஒப்புதல் ஆன படத்தில் கை வைக்காதே என்று கையை விரித்துவிட்டார். பசுமை சார் இன்னும் ஒருபடி மேலே போனார். நம்ம தண்ணீரில் கிருமி வேலை செய்கிறது என்று காட்டினால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், கொல்வதுதான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றார். யாரிடமும் எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவள் அவள். அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ, ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஒரு தடவ வந்து பாருங்க சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்.”

பசுமை சார் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவர் நிமிரவில்லை. கைக்குட்டை எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. இந்தத் தொட்டியைப் பற்றி நான்கு மேடையில் பேசியவர், முதல் தடவை கேட்கிற குழந்தை மாதிரி, இது நம்ம தண்ணிலயா என்றார். பிறகு, வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமாம்மா என்றார்.

மூன்று நாள் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததே குறைவு. பழக்கதோஷம், மணிக்கு இரண்டு கண் வைத்துவிட்டாள். அழித்தாள். இன்னொரு மணிக்கும் கை தானாக வைத்தது. அதையும் அழித்தாள். முணுமுணுத்துக்கொண்டே இருந்த முதலாளி, அந்தத் தண்டு சுருளுவதைப் பார்க்க மட்டும் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசி மூன்று வினாடியில் மக்கைச் சாய்த்துப் பாகு ஊற்றும் ஒரு கை, கீழே பூட்ஸ், ‘லீவு நாளிலும் இவற்றுக்கு உணவு போகிறது’ என்று குரல். வீட்டில் கணவர் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. இது நெசமா என்று கேட்டு, திரும்பப் போடச் சொன்னார்.

சனிக்கிழமை, விருந்தினர்களுக்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். அரங்கில் படம் ஓடியது, தொட்டிக் காட்சி வந்ததும் இருமல் சத்தம்கூட நின்றது. கண்ணு கைதட்டலுக்குக் காத்திருக்கவில்லை, நேரே தொட்டிக்குப் போனாள். மில் நின்றால் அவர் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

கை முழங்கை வரை பாகோடு நின்றுகொண்டிருந்தார். அவள் தன் போனைப் பிடித்துக் காட்டினாள். மணிகள் ஆடியபோது தலையை ஆட்டினார். பாகு ஊற்றும் கை வந்தபோது தலையாட்டல் நின்றது.

“என் போன் பாக்கெட்ல இருக்கு மேடம். அதுக்கு அனுப்பி, அதுலேருந்து பாப்பாவுக்கு அனுப்பி விடுங்க.”

அனுப்பினாள். அவர் இன்னும் நாலு மக் ஊற்றுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“லீவு நாள்ல நீங்க போறது இதுக்காப்பா?”

அவர் மக்கைக் கீழே வைத்தார். தோளைத் தூக்கி, சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கையெல்லாம் பாகு மேடம். ஆமான்னு நீங்களே அடிச்சு விடுங்க.”

இரண்டே எழுத்து. அடித்து அனுப்பிவிட்டு, போனை அவர் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தாள்.