கொம்பு எந்தப் பக்கம்

வேற்றுக் கோள்களைச் சுற்றும் விண்கலங்கள் அனுப்பும் படங்களைப் படிப்பதுதான் என் தொழில். பேட்டி எடுக்க வருபவர்கள், சின்ன வயதிலேயே வானத்தைப் பார்ப்பீர்களா என்று தவறாமல் கேட்பார்கள். பார்ப்பேன் என்பேன். அங்கே இல்லாததையும் பார்த்ததாகச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கல்முனையில் அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. கட்டாரில் வேலை செய்த வாப்பாவுக்கு லீவு முடிந்து, மறுநாள் மாலை கொழும்பு பஸ் ஏறவேண்டும். அன்று பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள். வாப்பா எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். தெரியாவிட்டால் அவர் போன பிறகுதான் பெருநாள் வரும்.

நோன்பு திறந்த கையோடு, பாதி கட்டிக் கிடந்த எங்கள் மேல்மாடிக்கு ஓடினேன். கடல் கிழக்கே, பிறைக்கு நாங்கள் வயல்பக்கம்தான் பார்க்கவேண்டும். அங்கே முகில் அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "பிறை! பிறை!" என்று கத்தினேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்த, பள்ளிவாசலில் சொல்ல வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

உம்மா மேலே வந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கேள்வி கேட்டார்.

"மகள், கொம்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்திச்சு?"

பெருநாள் வாழ்த்து அட்டையில் இருப்பதுபோல நிமிர்ந்த பிறையொன்றை விரலால் காற்றில் கீறிக் காட்டினேன்.

"நம்மட ஊர்ல தலைப்பிறை மல்லாந்துதான் கிடக்கும். சூரியன் அதுக்குக் கீழதானே போயிருக்கு? வெளிச்சமும் அடியிலதான் படும். நீ காணல்ல, மகள்." பிறகு கீழே குனிந்து கூப்பிட்டார். "தம்பி, போகாதீங்க! புள்ள காணல்ல."

உம்மா ஐந்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் இருந்துவிட்டேன்; இவ்வளவு நேர்த்தியான கேள்வியை இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. தண்ணீரைக் காண ஆசை வந்துவிட்டால் படங்களில் எங்களுக்கும் தண்ணீர் தெரியத் தொடங்கிவிடும். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று அப்போது நான்தான் கேட்பேன்.

ஊரில் யாருமே அன்று பிறை காணவில்லை. மறுநாள் வாப்பா நோன்போடு பஸ் ஏறினார். கல்யாணமாகி அன்றுவரையான ஒன்பது வருடத்தில் உம்மா அவரோடு கொண்டாடியது ஒரேயொரு பெருநாள் என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்று என்னைக் கீழே அனுப்பிவிட்டு, முகில் கறுத்து ஒன்றும் தெரியாமல் போகும்வரை உம்மா மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றார். என்மேல் கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்து, நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.