பாபநாசத்தில் நாணய இயக்கம்

"புதுக் காசு ஒண்ணு கைக்கு வந்தா, அது முகத்தைப் பாக்காம அடுத்தவன்கிட்ட தள்ளிவிட மனுஷனாப் பொறந்த எவனாலயும் முடியாது, பாய்" என்று பாபநாசம் கல்யாணம் ஒருமுறை பிரகடனம் செய்தார். இடம், நெய்னா முகம்மதுவின் மளிகைக் கடை. அப்போது கடையில் நெய்னாவையும் நாலு மூட்டை துவரம்பருப்பையும் தவிர வேறு யாரும் இல்லை. ஆட்சேபணை எழாததால் கருத்து ஏகமனதாக நிறைவேறியது.

கல்யாணம் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை காசை எண்ணினார். ஓய்வு பெற்ற மறுநாள்தான் அதைப் பார்க்கத் தொடங்கினார். சர்க்கார் காசில் புதுப்புதுப் படமாகப் போட்டுக்கொண்டே போனால் ஜனங்கள் தாமாகவே சேகரிப்பாளர்கள் ஆகிவிடுவார்கள் என்பது அவர் கண்ட தத்துவம். அதைப் பரப்பத்தான் நாணய இயக்கம் தொடங்கினார். அவருடைய ஆல்பத்தில் ஒரே ஒரு பை காலியாக இருந்தது. கயிறு வாரியத்தின் வைர விழாவுக்காக வந்த பத்து ரூபாய்க் காசுக்கு ஒதுக்கிய இடம் அது. அதற்காகத் தினமும் நெய்னாவின் கல்லாவைத் திறக்கச் சொல்லிக் கிளறுவார்.

"கயித்துக்கு வைர விழாவா சார்?" என்று நெய்னா கேட்பார்.

"தேங்காய் விக்கற நீங்களே இப்படிக் கேக்கலாமா, பாய்?"

வீட்டில் மனைவி மதுரத்துக்கு வேறு கவலை. மகன் விஸ்வா பெங்களூரில் ஃப்ளாட் வாங்கி, அப்பா அம்மாவுக்கென்று ஓர் அறையும் ஒழித்து வைத்திருந்தான்.

"ஏன்னா, இந்த ஊர்ல நமக்கு இன்னும் என்ன வேலை?"

"இயக்கம் இருக்கே."

"இயக்கத்துல எத்தனை பேர்?"

"இப்போதைக்கு நான்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொங்கலுக்குள் பத்துப் பேர் சேர்ந்தால் மதுரம் பெங்களூர்ப் பேச்சையே எடுக்கமாட்டாள். சேராவிட்டால் கல்யாணம் முனகாமல் ரயில் ஏறவேண்டும்.

உறுப்பினர் வேட்டைக்குப் புறப்பட்ட கல்யாணம், உள்ளே போன வீட்டிலெல்லாம் திகைத்து நின்றார். ஒரு வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பத்து ரூபாய்க் காசு. இன்னொரு வீட்டில் பிஸ்கட் டப்பா நிறைய. நெய்னாவின் மனைவி ஹபீபுன்னிசாவிடம் ஊறுகாய் ஜாடி நிறைய. "வீட்டுக்கு வீடு சேக்கறா, மதுரம்" என்று வீடு திரும்பியதும் அறிவித்தார்.

நடந்தது இதுதான். ஒரே பத்து ரூபாய் இத்தனை படங்களோடு வந்ததால், இதில் ஏதோ ஒன்று கள்ளக் காசு என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. எண்ணுக்கு மேலே பத்துக் கோடு போட்டது நல்ல காசு, பதினைந்து கோடு போட்டது கள்ளன் என்றது பாபநாசம். திருவிடைமருதூரில் இது நேர்மாறு. வம்பே வேண்டாம் என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் இரண்டையுமே வாங்க மறுத்தார்கள். போக்கிடம் இல்லாத காசுகள் பாட்டில்களில் அடைக்கலம் புகுந்தன. கல்யாணம் காசைச் செலவு செய்வதே இல்லையாதலால் இந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை.

அவர் கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டினார். 'பத்து ரூபாய் நாணயம் சேர்த்து வைத்துள்ளோர் நாணயங்களுடன் ஞாயிறு காலை வரவும். இப்படிக்கு, கல்யாணம், வங்கிக் காசாளர் (ஓய்வு).'

ஞாயிறன்று கூடம் கொள்ளவில்லை. மதுரம் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வாடிய முகத்தோடு காபிக்கு இன்னும் கொஞ்சம் பால் வைத்தாள்.

"சேகரிப்பாளப் பெருமக்களே" என்று கல்யாணம் தொடங்கினார்.

முடிதிருத்தும் பக்கிரி எழுந்தார். "பேச்சு இருக்கட்டும் சார். இன்னிக்கே நோட்டா குடுத்துருவீங்களா, நாளாவுமா?"

"எதுக்கு நோட்டு?"

"இந்தச் செல்லாக் காசுக்குத்தான். நீங்கதானே எடுத்தாரச் சொல்லி எழுதியிருந்தீங்க."

கல்யாணம் ஹபீபுன்னிசா பக்கம் திரும்பி, "படம் பிடிக்கலையாம்மா உங்களுக்கு?" என்றார்.

"படத்துக்கு ஒரு குறையும் இல்ல சார். ஒரே படமாப் போட்டிருந்தா எப்பவோ செலவு பண்ணியிருப்போம்."

அடுக்களை வாசலிலிருந்து மதுரம் கேட்டாள். "இவாள்லாம் இயக்கத்துல சேந்தாச்சா?"

"ஆமான்னு சொல்லிருங்க சார்" என்று நெய்னா காதோடு சொன்னார். "மத்தத நான் பாத்துக்கறேன்."

கல்யாணம் பாட்டில்களைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார்.

"ஒருத்தரும் சேரலை. விஸ்வாகிட்டச் சொல்லி டிக்கெட் போடச் சொல்லு" என்றார். பிறகு வேட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். "எல்லாக் காசும் செல்லும். நாளைக்கு நானே பாங்க்ல கட்டி நோட்டா வாங்கித் தரேன். வரிசையா வாங்க."

முதல் டப்பா கவிழ்ந்தது. இடக்கை இழுத்தது, வலக்கை அடுக்கியது; பத்து சேர்ந்ததும் தினசரித் தாளில் ஒரு சுருட்டு. ஓய்வு பெற்ற விரல்கள் மறுபடி வேலையில் சேர்ந்துகொண்டன.

நெய்னா மட்டும் பரபரப்பாக இருந்தார். அன்று காலை கல்லாவில் கயிறு வாரியக் காசு அகப்பட்டிருந்தது. கல்யாணத்தை ஆச்சரியத்தில் ஆழ்த்தலாம் என்று அதை மனைவியின் ஜாடியில் மேலாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

ஜாடியின் முறை வந்தது. கவிழ்த்ததும் முதலில் விழுந்தது அந்தக் காசுதான். கல்யாணத்தின் கட்டைவிரல் அதைத் தள்ளியது; மற்றவை அதன்மேல் ஏறின; தாள் சுருண்டது.

நெய்னா வாயைத் திறந்தார். கல்யாணத்தின் விரல்கள் போகும் வேகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அடுத்தது யாரு?" என்றார் கல்யாணம், நிமிராமல்.