பாஸ்குக்கு வரும்

பங்குனியின் முதல் வெயில் விழுந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் முழந்தாளிடுகிறார்கள். கையில் கையுறை, முழங்காலுக்குக் கீழே ஒரு ரப்பர்த் துண்டு, முன்னால் ஒரு பாய் அகல மண். கோயில் பக்கம் தலைகாட்டாத டேனிஷ்காரர்கள். நாங்கள் மறுவளம். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரான எங்களுக்கு முழந்தாள் கோயிலுக்கு மட்டுந்தான். தோட்டத்தில் நின்றபடி மண்வெட்டியை ஓங்கிக் கொத்துவோம். கோல்டிங்கில் இத்தனை வருடம் இருந்தும் நான் அப்படித்தான் கொத்துகிறேன். பக்கத்து வீட்டுக் கிழவி கிர்ஸ்தன் வேலிக்கு மேலால் பார்த்து, "றோட்டுப் போடுகிறாயா?" என்று கேட்பாள்.

இந்த முறை கொத்தியது வீட்டை விற்பதற்காக. தையில் என் மனைவி மரியாவை இந்த ஊரிலேயே தாட்டோம். உறைந்த மண்ணை யந்திரம் வைத்துத்தான் கிண்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. வைகாசியில் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் பாத்தி துப்புரவாக இருக்கட்டும் என்று கொத்தினேன். மூன்றாம் கொத்தில் பச்சை முளையோடு வெங்காயங்கள் புரண்டன.

ஐப்பசியில் ஒருநாள் அவள் மண் கையோடு உள்ளே வந்து, "இஞ்சாருங்கோ, லொய் தாட்டிருக்கு. பாஸ்குக்கு வரும்" என்றாள். லொய் என்றால் இங்கே வெங்காயம். பாஸ்கு என்றால் எங்களுக்கு ஈஸ்டர். வெங்காயத் தோட்டக்காரனின் மகனான எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்தக் குளிருக்கை ஆரப்பா வெங்காயம் நடுறது? உமக்கு விசரே?"

"வெங்காயத்தை விட்டா உங்களுக்கு வேறை என்ன தெரியும்" என்றவள், அதைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கி, கதிரையில் இருந்துவிட்டாள். அதுதான் அவள் கடைசியாக நட்டது.

ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். மணமில்லை. பனி அதையும் தின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவள் நட்டதில் ஒரு கறியாவது வைக்க வேண்டும் என்று கிடைத்த பதினேழையும் வாளிக்குள் போட்டேன்.

"லொய்யை ஏன் கிண்டினாய்?" வேலிக்கு மேலே கிர்ஸ்தன்.

"மத்தியானம் கறிக்கு."

கிழவியின் முகம் மாறிவிட்டது. "தின்றால் ஆஸ்பத்திரிதான். இது பூ லொய். பொஸ்கெவுக்குப் பூப்பது எது என்று உன் மனைவி கேட்டாள். நான்தான் கொடுத்தேன்."

பொஸ்கெ, நம்முடைய பாஸ்கு. இந்த மொழியில் வெங்காயத்துக்கும் பூக்கிழங்குக்கும் ஒரே பெயர். மரியாவுக்கு அது தெரிந்திருந்தது. நான் சிரித்ததில் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"வேர் அறுந்துவிட்டது. திருப்பி வைத்தால் பூக்குமா?"

"இந்த வருடம் கோபித்துக்கொள்ளும். அடுத்த வருடம், மொஸ்கெ."

மொஸ்கெ என்றால் ஒருவேளை. பொஸ்கெவுக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

கிர்ஸ்தன் தன் ரப்பர்த் துண்டை வேலிக்கு மேலால் நீட்டினாள். வாங்கிப் போட்டு முழந்தாளிட்டேன். முளை மேலே, வேர் கீழே. அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலைந்தின் முளை முறிந்திருந்தது. அவற்றையும் வைத்தேன்.

பக்கத்தில் கிடந்த தொலைபேசி அதிர்ந்தது. அண்ணை படம் அனுப்பியிருந்தார்: ஊரில் அன்று கிண்டிய வெங்காயம், பிடி பிடியாகக் கட்டி வெயிலில். கீழே ஒரு வரி: "வைகாசிக்கு வாறாய்தானே?"

விரலெல்லாம் மண். மொஸ்கெ என்று வாய்க்குள் வந்ததற்கு அவருக்கு விளங்குகிற தமிழைத் தேடியபடி, பதினேழாவதை உள்ளே அழுத்தினேன்.